புதுப்பிப்பு: முதுகில் கட்டிய பிள்ளை சரிவது நின்றது

நைரோபியில் இருக்கிறோம், எட்டு மாசப் பையனை லெசோத் துணியில் (இங்கே பெண்கள் உடம்பில் சுற்றிக்கொள்ளும் அச்சிட்ட பருத்தித் துணி) முதுகில் கட்டினால் பத்தே நிமிஷத்தில் இடுப்புக்குச் சரிகிறான் என்று போன மாசம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முடிச்சை இறுக்கியதில் எனக்குத்தான் மூச்சு முட்டியது. பலித்தது இன்னொரு அக்கா சொன்னது: குனிந்தபடியே துணியின் கீழ் விளிம்பை அவன் பிட்டத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு முழங்கால் மடிப்பு வரை இழுத்துவிட வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து, தவளை மாதிரி உட்கார்ந்துகொண்டான்.

எதிர்பாராதது, புது லெசோவின் கஞ்சி. மொடமொடவென்று முடிச்சே நிற்கவில்லை. இரண்டு தடவை அலசிய பிறகுதான் பிடித்தது. இழுபடும் பனியன் துணி முதுகுக்கு வேண்டாம், பிள்ளை பின்னால் சாய்ந்தால் விரிந்துகொடுக்கும்.

நேற்று சந்தைக்கு முக்கால் மணி நேரம் நடந்தேன். பாதி வழியில் தூங்கிவிட்டான். என் ரவிக்கை முதுகெல்லாம் எச்சில்.