மட்பாண்டங்களுக்குத் தேயிலை மிலாறுச் சாம்பலில் மெருகு பூச வழிகாட்டுங்கள்
அனைவருக்கும் வணக்கம். கடந்த வாரம் ஹட்டனிலிருந்து கொழும்புக்குச் சென்று, சமகாலச் சுடுமண் கலைக் கண்காட்சியொன்றைப் பார்த்தேன். விறகுச் சாம்பலைக் கரைத்துப் பூசி, ஏறத்தாழ 1250 பாகை செல்சியசில் சுட்ட ஒரு கிண்ணத்தின் முன் நெடுநேரம் நின்றேன். பச்சை மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, விளிம்பிலிருந்து வழிந்து, அடியில் ஒற்றைத் துளியாகத் திரண்டு உறைந்திருந்தது. சாம்பலிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாசும் களிமண்ணின் சிலிக்காவை உருக்கிக் கண்ணாடியாக்கும் என்று படித்திருந்தும், நேரில் கண்டபோதுதான் அதன் அழகு எனக்கு விளங்கியது.

தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்குப் பின் நம் தோட்ட லயத்து வீட்டு அடுப்புகளில் எரியும் தேயிலை மிலாறின் (வெட்டிய கிளைகளின்) சாம்பலிலும் இதைச் செய்து பார்க்க மிகவும் விரும்புகிறேன். அந்தச் சாம்பலை எத்தனை முறை கழுவ வேண்டும், களிமண்ணுடன் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லித் தாருங்கள். குயவர்களின் சாதாரண விறகுச் சூளை இவ்வளவு வெப்பத்தை எட்டுவதில்லை என்பதால், கண்டி, மாத்தளைப் பக்கத்தில் ஒரு சோதனைத் துண்டையாவது சுட்டுத் தரக்கூடிய மின்சூளை எவரிடமேனும் இருந்தால் அறியத் தாருங்கள்.