சரித்திரத் தொடர்களுக்கு இனிக் காசு போடுவது யார்?

கோட்டை_குமரன்:
பிரிட்டனின் பிபிசி ஒளிபரப்பிய ‘வுல்ஃப் ஹால்’ என்ற சரித்திர நாடகத்தின் இரண்டாம் தொடர் 2024இல் வந்தது. படப்பிடிப்புக்கு ஆறு கிழமை இருக்கையில் காசு போதவில்லை. இயக்குநர் பீற்றர் கொஸ்மின்ஸ்கி, எழுத்தாளர், தயாரிப்பாளர், நாயகன் மார்க் ரைலன்ஸ் எல்லாரும் சம்பளத்தில் பெரும்பங்கை விட்டுக்கொடுத்துத்தான் எடுத்தார்கள். பார்க்கிற சனமும் குறைகிறது. பொதுப் பணத்தை இதில் கொட்டுவது சரியில்லை. நெற்ஃபிளிக்ஸ் எடுக்கட்டும்.

வெள்ளவத்தை_ரமணி:
தம்பி, அன்றிரவு ரிவி முன்னால் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். பிறகு 28 நாளுக்குள் பார்ப்பவர்களையும் சேர்த்து அங்கே கணக்கு எடுக்கிறார்கள், அதையும் பாருங்கள்.

ஓட்டை இருப்பது நிதியில். ஒரு மணித்தியால நாடகத்துக்கு 10 இலட்சம் பவுண் செலவென்றால், அதில் 80 வீதத்துக்கு பிரிட்டிஷ் அரசு தருவது 34 வீத வரிச்சலுகை: 2,72,000. அதற்கும் 25 வீத வரி போக மிஞ்சுவது 2,04,000. அதுவும் செலவழித்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரை கடனும் வட்டியும். மீதியை ஒளிபரப்பும் நிறுவனமும் அமெரிக்கப் பங்காளியும் நிரப்பவேண்டும். அந்தப் பங்காளிகளில் ஒன்று அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ். 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பொது ஒளிபரப்புக்கான 110 கோடி டொலரை வெட்டிவிட்டது.

கோட்டை_குமரன்:
அப்படியென்றால் உடுப்புச் செலவைக் குறைக்கலாமே அக்கா? பட்டும் சரிகையும் எதற்கு?

தெகிவளை_தையல்:
துணி விலை சின்ன விஷயம். மழை, சேறு, இரத்தம் வருகிற காட்சிக்கு ஒரே உடுப்பில் மூன்று வேண்டும்: சுத்தமானது ஒன்று, அழுக்கேற்றியது ஒன்று, நடிகருக்குப் பதிலாகச் சண்டைக் காட்சியில் நடிப்பவருக்குத் தளர்வாக ஒன்று. மூன்றுக்கும் ஒரே தடவை சாயம் தோய்த்த துணியை முதலிலேயே வாங்கி வைக்காவிட்டால் கமெராவில் நிறம் பிசகும். பட்டில் வியர்வை பட்டால் கக்கத்தில் வெள்ளையாக உப்புக்கோடு விழும், கழுவினாலும் லேசில் போகாது. அதற்காக உள்ளே பருத்தித் துண்டு வைத்து நூலோட்டம் போட்டு, தினமும் பிரித்து மாற்றவேண்டும். கொழும்பு வெக்கையில் தைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

உண்மையில் காசை விழுங்குவது கூட்டக் காட்சி. துணை நடிகர் 100 பேர், ஆளுக்கு 20 நிமிடம் என்றால், உடுத்திவிடுபவர் பத்துப் பேர் இருந்தும் 3 மணி 20 நிமிடம். அவ்வளவும் விடியுமுன் முடியவேண்டும். வுல்ஃப் ஹாலில் வெளிப்புறக் காட்சிகளை வெட்டி, கதையைப் பெரும்பாலும் அறைக்குள் பேச்சாகவே நகர்த்தியதும் காசு போதாமல்தான். சரிகையைக் குறைத்திருந்தாலும் அந்தக் காட்சிகள் தப்பியிருக்காது.

கோட்டை_குமரன்:
கூட்டக் காட்சிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் பிரிட்டிஷ் சந்தா வருமானத்தில் 5 வீதத்தை உள்ளூர் நாடகங்களுக்காக அறவிடவேண்டும் என்று கொஸ்மின்ஸ்கி கேட்பதை ஏற்கமாட்டேன். அந்த நிறுவனங்கள் அதைச் சந்தாவில்தான் ஏற்றும். நாடகமே பார்க்காதவரும் சேர்த்துக் கட்டவேண்டிவரும்.

வெள்ளவத்தை_ரமணி:
சந்தா கொஞ்சம் ஏறலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பிரான்சில் 2021 முதல், ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அங்கே உழைக்கிற காசில் குறைந்தது 20 வீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுத் தயாரிப்புகளில் போடச் சட்டமே இருக்கிறது. கேட்பது 5 வீதம்தான். அந்த 20 வீதத்துக்குப் பிறகும் நெற்ஃபிளிக்ஸ் பிரான்சை விட்டுப் போகவில்லையே, தம்பி.