மறு: 'ஆற்றுப் பராமரிப்பு ஓட்டம்' சரியா வருமா?

அண்ணே வணக்கம். ஆத்துத் தடம் குறுகாம இருக்க அணையிலேர்ந்து வேணும்னே விடுற பெரிய தண்ணிக்கு (channel maintenance flow) தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டிருந்தீங்க. அதுக்கு 'பராமரிப்பு ஓட்டம்' எனக்கு ஒட்டல. பராமரிப்புன்னா இதை வாசிக்கிற சிங்கப்பூர்க்காரங்களுக்கு கால்வாய்ல ஆள் இறங்கி குப்பை அள்ளுறதுதான் ஞாபகம் வரும், இதுல வேலை செய்யிறதே தண்ணிதானே. அதோட 'ஓட்டம்'னதும் கொஞ்சம் ஓடினா போதும்னு தோணிடும். அது மீன் பிழைக்கப் பத்தலாம், ஆத்துத் தடத்துக்குப் பத்தாது. சாதாரணமா போற தண்ணி பொடிமண்ணைத்தான் நகர்த்தும், அடியில கிடக்குற சரளை புரளணும்னா கரை விளிம்பு வரைக்கும் ஏறி வரணும், பல ஆறுகள்ல அது ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதையும் அணையில நிறுத்திட்டா மணல்திட்டுல செடி முளைச்சு மரமாகி தடமே குறுகிடும். வைகைக்குள்ள சீமைக்கருவேலம் நிக்கிறதை மதுரைக்குப் போனவங்க பாத்திருப்பீங்க.

1996-ல அமெரிக்காவுல கிளென் கேன்யன் அணையிலேர்ந்து 7 நாள், விநாடிக்கு சுமார் 1,270 கன மீட்டர், வேணும்னே திறந்து விட்டாங்க. கொலராடோ ஆத்தடியில கிடந்த மணலைக் கிளப்பி ஓரத்துல திட்டா சேர்க்கத்தான். (சேர்ந்துச்சு, அப்புறம் நிறைய கரைஞ்சும் போச்சு, அது வேற கதை.) அவ்வளவு தண்ணிக்கு 'பராமரிப்பு ஓட்டம்'னு பேரு வச்சா சப்புன்னு இருக்கு.

என் ஓட்டு 'தடம் காக்கும் பெருக்கு'. ஆடிப்பெருக்குல வர்ற அதே பெருக்கு, தண்ணி நிறையன்னு தனியா சொல்லவேண்டாம், வீட்டைக் கூட்டிப் பெருக்குற அர்த்தமும் கூடவே வருது. கணக்குப் பெருக்கலோட குழம்பும்னு தம்பி எழுதியிருந்தாப்ல, முன்னாடி 'தடம்' நிக்கிறப்ப எப்படிப்பா குழம்பும்? 'வெள்ளம்' மட்டும் வேணாம், இங்க சிங்கப்பூர்ல வெள்ளம்னா 2010-ல ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைக்குள்ள தண்ணி பூந்ததுதான்.

சொல்லோட விளக்கத்துல ஒரு வரி சேருங்க: கான்கிரீட் கால்வாய்க்கு இந்தச் சொல் பொருந்தாது, அங்க புரள சரளையும் இல்ல அரிக்க கரையும் இல்ல. படம் போடுறதா இருந்தா பீஷான் பூங்காவுல 2012-லேர்ந்து வளைஞ்சு ஓடுற காலாங் ஆத்தைப் போடலாம், ஆனா அதுவும் வடிவமைச்ச ஆறுதான்னு கீழ எழுதிடணும்.

'அலசு ஓட்டம்' தனிச் சொல்லா அப்படியே இருக்கட்டும், அது மேல படிஞ்ச வண்டலைக் கழுவ மட்டும் விடுறது, அளவு சின்னது. ரெண்டையும் ஒண்ணாக்கிடாதீங்க அண்ணே.