கலைச்சொல்: நினைவு நாணயமா, காப்பு நாணயமா, ஓம்புகாசா?

குழுவினருக்கு வணக்கம். அருகிவரும் உயிரினங்களைக் காக்க வெளியிட்ட நாணயங்களுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதற்கு ஒருவர் இப்படிக் கேட்டார்:

> நினைவு நாணயம் என்ற சொல்தான் இருக்கிறதே. 2024இல் கலைஞர் நூற்றாண்டு நாணயம் வந்தபோது பத்திரிகைகள் அப்படித்தானே எழுதின? புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. ஒருவர் பிறந்து நூறாண்டு ஆனதற்கோ ஒரு நாடு விடுதலை பெற்றதற்கோ அடிப்பது நினைவு நாணயம். அதில் எனக்குத் தகராறு இல்லை. நான் சொல் தேடுவது இன்னொரு வகைக்கு. 1974இலிருந்து உலக வனவிலங்கு நிதியமும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் முன்னின்று பல நாடுகளை வெளியிட வைத்த வரிசை அது. பெரும்பாலும் ஒரு நாட்டுக்கு இரண்டு வெள்ளி, ஒரு தங்கம். நேபாளத்துக்குச் சிவப்புப் பாண்டா, மலேசியாவுக்கு இருவாச்சி என்று அந்தந்த மண்ணின் உயிர்கள். விற்ற பணத்தில் ஒரு பங்கு அவற்றைக் காக்கும் வேலைக்குப் போனது.

நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவரின் பெட்டிக்குத் தமிழில் குறிப்பு எழுதித் தருகிறேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். முதலில் கையில் எடுத்தது இந்தோனேசியாவின் 1974ஆம் ஆண்டு 2000 ரூபியா. 28.28 கிராம், 925 தர வெள்ளி. விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், விரல் பட்டால் ரேகை ஒட்டிக்கொள்ளும். தளம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதன்மேல் ஜாவாப் புலி மட்டும் பனி படிந்தாற்போல வெளுத்து நிற்கிறது. கொஞ்சம் சாய்த்தால் தளம் வெளுத்துப் புலி கருக்கிறது.

"நினைவு நாணயம்: ஜாவாப் புலி" என்று எழுதிப் பார்த்தேன். இரங்கல் விளம்பரம் போல இருந்தது. பொய்யும் இல்லை. நாணயம் வந்த காலத்தில் ஜாவாவின் கிழக்குக் கோடியில், மேரு பெத்திரிக் காட்டில், சில புலிகள்தான் மிஞ்சியிருந்தன. 1976இல் தேடிப்போனவர்கள் மூன்று இருக்கலாம் என்றார்கள். இன்று ஒன்றும் இல்லை.

சரி, அடுத்ததை எடுங்கள். மொரீசியஸ், 1975, 50 ரூபாய். (நோட்டில் தமிழெழுத்தும் அச்சிடுகிற நாடு, அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.) அதில் இருப்பது மொரீசியஸ் கெஸ்ட்ரல் என்கிற சின்ன வல்லூறு. 1974இல் காட்டில் தெரிந்த கணக்கு வெறும் 4 பறவைகள். முட்டைகளை எடுத்து வந்து பொரிக்க வைத்து, கூடுகட்டப் பெட்டிகள் மாட்டி, நூற்றுக்கணக்கில் பெருக்கிவிட்டார்கள். இன்றும் பறந்துகொண்டிருக்கும் அதற்கு "நினைவு" என்று எழுதக் கை வரவில்லை.

இதுவரை வந்த சொற்கள். "பாதுகாப்பு நாணயம்" என்றால் ரூபாய் நோட்டில் ஓடும் பாதுகாப்பு இழைதான் ஞாபகம் வருகிறது. "காப்பு நாணயம்" எனக்குப் பிடித்திருந்தது. வனத்துறையின் காப்புக்காடு என்ற சொல்லோடு ஒட்டும். ஆனால் "வெள்ளிக் காப்பு நாணயம்" என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், நகைக்கடையில் வளையல் கேட்பதுபோல இருக்கும். இந்தோனேசியர்கள் இதை "சாகார் ஆலம்" வரிசை என்கிறார்கள், இயற்கைக் காப்பகம் என்று பொருள். அதைப் பின்பற்றிக் "காப்பக நாணயம்" எனலாம்தான். புலிகள் காப்பகம் நமக்குப் பழகிய சொல். முதியோர் காப்பகமும் பழகியதே, அதுதான் சிக்கல்.

என் பரிந்துரை: ஓம்புகாசு. விருந்தோம்பலில் இருக்கிற அதே ஓம்பு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. சுருக்கமாகவும் இருக்கிறது.

மறுமொழி 1

ஓம்புகாசு அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் தடுக்குகிறது. கஞ்சன் முந்தானையில் முடிந்து வைத்த காசும் ஓம்புகாசுதானே? இங்கே ஓம்பப்படுவது உயிர், காசு அல்ல. இன்னொன்று, எங்கள் ஊரில் காசு என்றால் சில்லறை. 2000 ரூபியா என்று முகமதிப்பு பொறித்த வெள்ளியைக் காசு என்றால் உங்கள் நண்பர் கோபித்துக்கொள்வார். உயிரைச் சேர்த்து "உயிரோம்பு நாணயம்" என்று வைத்துப் பாருங்களேன்.

மறுமொழி 2

முந்தானை முடிச்சு எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். "உயிரோம்பு நாணயம்" கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் முதல்முறை கேட்பவருக்கும் புரிகிறது. நினைவு நாணயம் பொதுப்பெயர், இது அதில் ஒரு வகை என்று பட்டியலில் ஏற்றிவிடலாம். காசு என்பதை விட்டுக்கொடுக்கத்தான் மனமில்லை, போகட்டும்.

அப்புறம், கண்ணாடித்தள நாணயங்களை ஒருவர் "மெய்ப்பு நாணயம்" என்று எழுதியிருந்தார். மெய்ப்பு என்றால் அச்சகத்தில் பிழை திருத்தும் தாள். இது மெருகேற்றிய அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து எடுப்பது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

பெட்டிக் குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது:

"உயிரோம்பு நாணயம். இந்தோனேசியா, 1974. 2000 ரூபியா. ஜாவாப் புலி (அற்றுப்போனது)."

அடைப்புக்குறியை எடுத்துவிடச் சொல்கிறார் நண்பர். பார்க்க வருகிறவர்கள் முகம் வாடுமாம். நான் எடுக்கவில்லை.