மனித உரிமைச் சட்டம் படித்து வாத்தியார் ஆகலாமா? டெல்டா பக்கம் யாராவது சொல்லுங்கள்

திருத்துறைப்பூண்டி பையன்:
பி.எல். கடைசி வருஷம். அப்பா மூன்று ஏக்கர் குத்தகைக்குச் சாகுபடி பண்ணுகிறார். எனக்குக் கோர்ட்டுக்குப் போக ஆசையில்லை, மனித உரிமைச் சட்டத்தில் எல்.எல்.எம். என்ற முதுகலைப் படிப்பு, அப்புறம் பிஎச்.டி. முடித்துப் பாடம் நடத்தப் போக வேண்டும். "வாத்தியார் வேலைக்கா வக்கீலுக்குப் படிக்க வைத்தேன்" என்கிறார் அப்பா, தாளடி நடவு முடிவதற்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டுமாம். கல்லூரி வாத்தியார் தகுதிக்கான நெட் தேர்வில் 'மனித உரிமைகளும் கடமைகளும்' என்றே ஒரு பாடம் இருக்கிறதே, அதை எழுதவா, சட்டத்தை எழுதவா?

சாக்பீஸ்:
தம்பி, சட்டத்தையே எழுது. சட்டக் கல்லூரியில் இடம் விழுவது சட்டம் படித்தவனுக்குத்தான், மனித உரிமைக்கென்று தனித்துறை வைத்திருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்.எல்.எம். சிறப்புப் பாடமாக மனித உரிமை எடுத்துக்கொள், தப்பில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்ததும் அதையே நடத்துவாய் என்று கனவு காணாதே, எனக்கு முதல் வருஷம் தலையில் கட்டியது சொத்துரிமை மாற்றுச் சட்டம்! நெட்டில் நல்ல மார்க் வாங்கி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அப்பாவிடம் கைநீட்ட வேண்டியிருக்காது. கிளாட் நுழைவுத்தேர்வு எழுதினால் திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு வருஷ எல்.எல்.எம். படிக்கலாம்.

நாகை வக்கீல்:
அப்பாவுக்காக ஒன்று. முதலில் பார் கவுன்சிலில் பதிந்துவிடு. வக்கீலாக இருந்துகொண்டே நாளைக்கு மூன்று மணி நேரம் வரை சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்க 1979 விதி அனுமதிக்கிறது. முழுநேரச் சம்பளத்துக்குப் போனால்தான் பிராக்டிஸை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, மனித உரிமை என்றதும் எல்லோரும் ஐ.நா. மனித உரிமை மன்றம் இருக்கும் ஜெனீவாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழ்வெண்மணி உன் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரு குடிசைக்குள் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்தார்கள், தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973ல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, வேலையாட்களை விட்டுவிட்டு அவர்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்பது அந்தத் தீர்ப்பில் ஒரு காரணம். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சாக்பீஸ்:
வெண்மணியில் எழுத நிறைய பேர் வந்துவிட்டார்கள் சார், பிஎச்.டி.க்கு யாரும் தொடாத இடுக்கு தேட வேண்டும். தம்பி, எந்த நிலத்தில் யார் என்ன சாகுபடி என்று வி.ஏ.ஓ. எழுதும் அடங்கல் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, உன் அப்பா பெயரா? 1955ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969ல் குத்தகையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது, இன்னும் டெல்டாவில் நிறையப் பேருக்கு வாய்வழிக் குத்தகைதான். வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பார். விவசாயிகள் உரிமைக்கு ஐ.நா. பொதுச்சபை 2018 டிசம்பரில் ஒரு பிரகடனமே நிறைவேற்றியிருக்கிறது. அதையும் உன் ஊர் அடங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு தலைப்பு வந்துவிடும்.

திருத்துறைப்பூண்டி பையன்:
அப்பாவிடம் கேட்டேன் சார். நிலத்துக்காரர் பெயர்தான். "பேரை ஏற்றச் சொன்னால் அடுத்த போகத்துக்கு நிலம் நம்மகிட்ட இருக்காது" என்று சொல்லிவிட்டு மடை பார்க்கப் போய்விட்டார். கிளாட் எல்.எல்.எம். பழைய வினாத்தாள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.