வாந்தித் தடுப்பு ஊசியும் க்யூடி நீட்சியும்

கேள்வி:
என் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. முந்தைய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓயாமல் வாந்தி எடுத்து மிகவும் தளர்ந்துபோனார். இம்முறை ஒண்டான்செட்ரான் ஊசி போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஈசிஜியில் க்யூடிசி (இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னளவில் இயங்கி மீள எடுக்கும் க்யூடி நேரம், துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்தியது) 480 மில்லிநொடி என்று வந்ததால் யோசிக்கிறார்கள். வாந்தியை நிறுத்தும் மருந்துக்கும் இதயத் துடிப்புக்கும் என்ன தொடர்பு?

மறுமொழி 1:
ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசைச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறினால்தான் அவை அடுத்த துடிப்புக்குத் தயாராகும். ஒண்டான்செட்ரான், ட்ரோபெரிடால் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகள் அந்த வழியை ஓரளவு அடைப்பதால் மீளும் நேரம் கூடுகிறது; ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீள்வது அதனால்தான். அது மிகவும் நீண்டால், குறிப்பாக 500 மில்லிநொடியைத் தாண்டினால், டோர்சாட் டி பாயின்ட்ஸ் என்ற உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு தோன்றும் வாய்ப்பு அதிகரிக்கிறது. ஆனால் அளவைப் பார்க்காமல் அஞ்சுவது சரியல்ல. நரம்பு வழியாக ஒரே தடவையில் 32 மி.கி. செலுத்தியபோது க்யூடிசி சுமார் 20 மில்லிநொடி நீண்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012இல் எச்சரித்தது அந்த அளவைக் குறித்துத்தான். 8 மி.கி.யில் நீட்சி ஏறத்தாழ 6 மில்லிநொடி. அறுவை சிகிச்சையில் வழக்கமாகத் தருவதோ 4 மி.கி. மட்டுமே.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆயினும் 480 என்பது ஏற்கெனவே நீண்ட அளவு என்பதால், அது ஏன் நீண்டது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்திருந்தால் முன்கூட்டியே சரிசெய்துவிடலாம். அம்மா நீர்மாத்திரையோ, அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ, மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராமோ எடுத்துக்கொள்கிறாரா? மயக்கத்துக்குத் தரும் செவோஃப்ளூரேன் வாயுவும் க்யூடியை நீட்டக்கூடியது என்பதால், இவை ஒன்றுசேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

மறுமொழி 3:
ஒண்டான்செட்ரானைத் தவிர்த்தாலும் அம்மா மீண்டும் அவதிப்பட வேண்டியதில்லை. வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு க்யூடியை நீட்டாது, சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கவனம் தேவை. வாயுவுக்குப் பதிலாக புரோபோஃபாலை நரம்பு வழியாகச் செலுத்தி மயக்கம் கொடுத்தாலே வாந்தி குறையும்.

கேள்வி கேட்டவர்:
எஸ்சிட்டலோப்ராம் எடுத்துக்கொள்கிறார், நீர்மாத்திரையும் உண்டு. இரண்டையும் நாங்களாக நிறுத்தாமல், மயக்க மருத்துவரிடம் முழுப் பட்டியலாகத் தந்து, இரத்தப் பரிசோதனையும் கேட்கிறோம். மிக்க நன்றி.