இன்றிரவே சிவனொளிபாதமலை: திடீரென்று வெளிக்கிடலாமா?

வெள்ளவத்தைவாசி கேட்கிறார்:

நாலு பேர் கொழும்பில் நிற்கிறோம். இன்றிரவே மலை ஏறி, நாளைக் காலை சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று இப்பதான் யோசனை வந்தது. முன்பதிவு இல்லை, மலையேறும் சாமான் ஒன்றும் இல்லை, மூன்று பேருக்கு முதல் தடவை. பெப்ரவரி, புதன்கிழமை, போயா (பௌர்ணமி) முடிந்து நாலு நாள். எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும்? கையில் கட்டாயம் என்ன இருக்க வேண்டும்? இவ்வளவு பாடுபடாமல் பகலிலேயே ஏறினால் என்ன என்று எங்களில் ஒருவர் கேட்கிறார். அவருக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

மவுசாக்கலை:

தாராளமாகப் போகலாம். மார்கழிப் போயாவில் இருந்து மே மாத வெசாக் போயா வரைக்கும், ஹட்டன் பக்கத்து அடிவார ஊரான நல்லதண்ணியில் இருந்து ஏறும் பாதையில் லைட் எரியும், வழியில் தேநீர்க் கடைகள் இருக்கும். சீசனில் இந்த மலைக்கு முன்பதிவை விட நேரக் கணக்குத்தான் முக்கியம்.

மூன்று மணிக்குள் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ்ஸைப் பிடியுங்கள். அவிசாவளை, கினிகத்தேனை வழியாக நாலைந்து மணித்தியாலம். ஹட்டனில் இறங்கி டோர்ச்சுக்குப் பற்றரி, கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு நல்லதண்ணி பஸ். நோர்வூட், மஸ்கெலியா தாண்டிப் போய்ச் சேர ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். பத்து மணிக்கு மேல் இறங்குவீர்கள்.

இறங்கிய வேகத்தில் ஏறத் தொடங்காதீர்கள். திடீரென்று வருகிறவர்கள் அநேகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். படிகள் சுமார் 5,500, ஏற்றம் கிட்டத்தட்ட 1,000 மீற்றர். சாதாரண ஆளுக்கு மூன்று, மூன்றரை மணித்தியாலம் போதும். பத்தரைக்கு ஏறினால் இரண்டு மணிக்கு உச்சியில் நிற்பீர்கள், உதயமோ 6.25 அளவில். வேர்த்த உடம்போடு அந்தக் காற்றில் நாலு மணித்தியாலம் குந்தியிருந்தால் உதயத்தை ரசிக்க மனம் இருக்காது.

நல்லதண்ணியில் ஒரு அறையோ மடமோ பிடித்து ஒன்றரை வரை படுங்கள். இரண்டு மணிக்குப் படியில் கால் வைத்தால் சரி. இந்தக் கணக்கு வார நாளுக்கு மட்டும். போயாவிலும் சனி ஞாயிறிலும் கடைசிச் செங்குத்துப் படிகளில் வரிசை நகரவே நகராது. அந்த நாட்களில் இரவு பத்துக்கே ஏறுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

கம்பளிக்காரன்:

உடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குளிர் ஆளை அடிப்பது ஏறும்போது அல்ல, நின்ற பிறகு. உச்சி 2,243 மீற்றர். அடிவாரத்தை விட ஆறேழு பாகை குறைவு, அதற்கு மேல் காற்று.

சுவெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது. அரை மணித்தியாலத்தில் உள்ளே எல்லாம் ஊறிவிடும். பருத்தி ஒருமுறை நனைந்தால் அங்கே காயாது. மெல்லிய ரீசேர்ட்டோடு ஏறுங்கள். ஒரு காய்ந்த பெனியன், சுவெட்டர், காதை மூட ஒரு தொப்பி, ஒரு சோடி காலுறை — நாலையும் ஒரு பையில் இறுகக் கட்டிக் கொண்டுபோங்கள். மாற்றுவது உச்சியில் அல்ல, கடைசித் தேநீர்க் கடைக்குள். மேலே மறைப்பும் இல்லை, சனத்துக்குள் கையை மடக்க இடமும் இல்லை.

உச்சியில் பாதச் சுவட்டருகே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை ஐஸ் மாதிரி இருக்கும். அந்தக் காய்ந்த காலுறையை இறங்கும் நேரத்துக்கு வைத்திருங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர் போதும். சாப்பாடு சுமக்க வேண்டாம், ரொட்டியும் பிளேன்டீயும் வழியில் கிடைக்கும். மேலே போகப் போக விலையும் ஏறும், அதையும் மூட்டையாகச் சுமந்துதானே கொண்டுவருகிறார்கள்.

தேய்பிறை:

பகலில் ஏறலாமே என்று கேட்ட நண்பருக்கு: பகலில் முழு மலையும் கண்ணுக்கு முன்னால் நிற்கும், வெயிலும் முதுகில் ஏறும். இரவில் அடுத்த பத்துப் படிதான் தெரியும், கால் தன்பாட்டில் போகும். ஒரு வளைவில் நிமிர்ந்தால் தலைக்கு நேர் மேலே சில வெள்ளிகள் வரிசையாக நிற்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவை வெள்ளி இல்லை, நீங்கள் இன்னும் போக வேண்டிய பாதையின் லைட்டுகள் என்று விளங்கும். முதல் தடவை ஏறுகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

நாள் தற்செயலாக நன்றாக அமைந்திருக்கிறது. நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தி உதிக்கும். போயா கழிந்து நாலாம் நாள் என்றால் ஒன்பதரை அளவில் எழும்பி, நீங்கள் பாதி வழியில் நிற்கும் மூன்றரை மணிக்கு உச்சி வானத்தில் நிற்கும். சனம் குறைவு, வெளிச்சம் நிறைய. லைட்டுக்கு முதுகு காட்டிப் பத்து நிமிடம் உட்காருங்கள், ஃபோனைத் தொடாமல். கண் முழுதாக இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் பிடிக்கும் என்றாலும், பத்து நிமிடத்திலேயே மவுசாக்கலை நீர்த்தேக்கம் கீழே பளபளப்பது தெரியத் தொடங்கும். ஒருமுறை ஃபோன் திரையைப் பார்த்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

உச்சியில் எல்லோரும் கிழக்கைப் பார்த்து நெரிபடுவார்கள். சூரியன் வெளியே வந்ததும் மேற்குப் பக்கம் போங்கள். மலையின் நிழல் பனிமூட்டத்தின் மேல் கூரான முக்கோணமாக விழும். மலை என்ன வடிவமாக இருந்தாலும் நிழல் அப்படித்தான் தெரியும்: நீளமாகப் போகும் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதாகத் தோன்றும் அதே காரணம். சூரியன் ஏற ஏற நிழல் குறுகிக் கீழே இழுபடும், படம் எடுத்து முடித்துப் பிறகு பார்க்கலாம் என்றால் தவறிவிடும்.

வெள்ளவத்தைவாசி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று மணி பஸ்தான். இரண்டு சந்தேகம்: இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறி நல்லதண்ணியில் இறங்கலாமா? ஒருவருக்கு முழங்கால் கொஞ்சம் வலி, அவரைக் கூட்டிப் போகலாமா?

மவுசாக்கலை:

இரத்தினபுரி வழி இன்றைக்கு வேண்டாம். அந்தப் பக்கம் ஏறத் தொடங்கும் பலாபத்தலை தாழ்ந்த இடம், ஏற்றம் இரு மடங்குக்குக் கிட்ட வரும், கடையும் குறைவு. அது ஒரு கிழமைக்கு முன்னமே திட்டம் போட்டுப் போகிற வழி.

முழங்கால்காரருக்கு ஏற்றம் பெரிய பிரச்சினை இல்லை, இறக்கம்தான் சோதிக்கும். படிகள் ஒரே உயரம் இல்லை. ஒன்று அரை அடி என்றால் அடுத்தது முழங்கால் மட்டத்துக்கு வரும். ஒரு தடி எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு படிக்கும் தடியை முதலில் கீழே ஊன்றி, வலிக்கிற காலை அதற்குப் பக்கத்தில் வைத்து, பிறகு நல்ல காலை இறக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி இருக்கும் இடத்தில் அந்தப் பக்கமாகவே இறங்கட்டும். மற்றவர்கள் இரண்டு மணித்தியாலத்தில் இறங்கினால் இவருக்கு மூன்றரை என்று வைத்து, ஹட்டன் பஸ்ஸுக்குப் பகல் 12ஐக் கணக்குப் போடுங்கள். மேலே போகும்போதே வலி கூடினால் ஜப்பானிய விகாரைப் பக்கம் நின்றுவிடலாம். அதற்கு மேல் போய்விட்டுத் திரும்புவதுதான் கஷ்டம்.